நிலவறைக்கு முதல் ஆள்

கதவு திறந்ததும் கூட்டம் வலப்பக்கம் நகை மேசையை நோக்கிப் பாயும். வெர்னா கோவால்செக் மட்டும் எதிர்ப்பக்கம் போவாள். சமையலறையைத் தாண்டி, துடைப்பம் சாத்திவைத்திருக்கும் குறுகிய கதவைத் தோளால் தள்ளி, விளக்கு சுவிட்சைக்கூடத் தேடாமல் நிலவறைப் படிகளில் இறங்கிவிடுவாள். கடைசிப் படியில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். ஈரமும் எலிப்புழுக்கையும் மட்டும் நாறினால் திரும்பிவிடுவாள். அதற்கடியில் பழைய எண்ணெயும் கருகிய தூசியும் கலந்த வாடை வந்தால், "இருக்கு" என்பாள்.

ஆல்டூனா ஊரில் இறந்துபோனவர் வீட்டுச் சாமான்களை வீட்டைத் திறந்துவைத்து விற்கும் வெள்ளிக்கிழமைகள் அவளுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. காலை ஆறு மணிக்கே வாசலில் முதல் எண்ணை வாங்கிக்கொண்டு, அவித்த முட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உரித்துத் தின்பாள். அறுபத்து மூன்று வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளுக்குப் பதில் வேறு ஆள். அறுபது பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே அடக்கும் குரல். கோட்டுப் பையில் ஒரு கைவிளக்கு, ஒரு மின்கலம், அதில் இரண்டு ஒயர். ஒயரை வைத்தால் பொம்மை ரயிலின் எஞ்சின் துடிக்க வேண்டும்.

விற்பனை நடத்துபவர்களிடம் அவள் ரயில் என்ற சொல்லையே எடுக்க மாட்டாள். "கிறிஸ்துமஸ் சாமான் பெட்டி எங்க வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பாள். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடவிட்ட பொம்மை ரயிலை ஊரில் பாதிப் பேர் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகளோடுதான் கட்டிவைப்பார்கள் என்பது அவள் கண்ட ரகசியம். அவள் வீட்டுக் குளியல் தொட்டி நிறைய ரயில் பெட்டிகள். குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போகிறாள். தங்கை கத்தினால், "நான் நாலு தெரு நடந்து வந்து குளிக்கலாம். அதுங்க நடக்குமா?" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல சாமான் கிடைத்தால், அதைக் கையில் ஏந்தியபடி இருட்டைப் பார்த்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்வாள். செத்தவருக்கு.

சென்ற அக்டோபரில் ஹார்லன் ஃபிஷெல் என்பவரின் வீட்டில் அப்படித்தான் இறங்கினாள். ரயில்வே பணிமனையில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர் என்று விளம்பரத்தில் இருந்தது. நிலவறை முழுக்க ஒரு பெரிய பலகை மேசை. அதன்மேல் பொம்மை ரயில், தண்டவாளம், பாலம், விரலளவு வீடுகள். வெர்னாவின் விளக்கு வண்டி வண்டியாக ஊர்ந்து கடைசியில் நின்றது. கடல்பச்சை நிறத்தில் ஒரு கார்டு பெட்டி. ஒரே ஒரு வருடம் செய்து விற்ற வண்டித்தொடரின் கடைசிப் பெட்டி அது. மற்ற எல்லாப் பெட்டிகளும் அவளிடம் இருந்தன. இது ஒன்றுக்காகப் பத்தொன்பது வருடம் அலைந்திருக்கிறாள்.

விளக்கை மேசையில் வைத்துவிட்டு இரு கையாலும் தூக்கினாள். சக்கரம் நான்கும் சரி. வண்ணம் ஒரு கீறல் இல்லை.

"நன்றி மிஸ்டர் ஃபிஷெல். ரொம்ப நல்லா வெச்சிருந்தீங்க."

"நல்லாத்தான் வெச்சிருந்தேன். அதை எங்க தூக்கிட்டுப் போற?"

குரல் கொதிகலனுக்குப் பின்னாலிருந்து வந்தது. வெர்னாவுக்குக் கத்த வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. பின்வாங்கி மேசைமேல் இடித்துக்கொண்டாள். ஒரு பொம்மைத் தேவாலயம் கவிழ்ந்தது. விளக்கை எடுத்து அந்தப் பக்கம் திருப்பினாள். கிழிந்த சாய்வு நாற்காலியில் கோட்டும் தொப்பியுமாக ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க... நீங்க செத்துட்டீங்க."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வாசல்ல சாமான் விக்கற போர்டு இருக்கு. நானா நெனச்சுக்கிட்டேன்."

ஞாயிறுவரை ஜான்ஸ்டவுனில் அத்தை வீட்டில் இருங்கள் என்று மகள் டயேன் அவரைக் கொண்டுபோய் விட்டிருந்தாள். மாத்திரையை மறந்துவிட்டதாக நினைத்துக் காலைப் பேருந்து பிடித்து வந்திருக்கிறார். தெருவில் வரிசையைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, பின்பக்க நிலவறைக் கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்துவிட்டார். அதற்குள் மேலே கதவும் திறந்துவிட்டது.

"என் தலைக்கு மேல யாரு இத்தனை பேரு நடக்கறாங்க?" என்று கேட்டார். "இப்பதான் ஒருத்தி என் பிரிட்ஜைத் திறந்து, 'உள்ள ஊறுகாய் இருக்குடி'ன்னு சிரிச்சா. வீட்டை விக்கத்தான் கையெழுத்துப் போட்டேன். முதியோர் இல்லத்துக்குப் போறப்ப ரயில் என்கூட வரும்னு சொன்னா டயேன். இதுல பாரு."

மேசை விளிம்பைக் காட்டினார். பாலத்துக்கு ஒரு விலைச்சீட்டு. சுரங்கத்துக்கு ஒன்று. வெர்னாவின் கையிலிருந்த பெட்டியின் அடியிலும் ஒன்று.

இத்தனை வருடத்தில் எத்தனை நிலவறைகள். எந்த ஒன்றிலும் ஆள் இருந்ததில்லை. அவள் நன்றி சொன்னதெல்லாம் மறுத்துப் பேச முடியாதவர்களுக்கு. பெட்டியைத் தண்டவாளத்தில் வைக்கப் போனாள், சக்கரம் பொருந்தவில்லை. மூன்றாம் தடவைதான் உட்கார்ந்தது.

"ஏன் அதை அப்படிக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருந்த?"

"பத்தொன்பது வருசமாத் தேடறேன்."

"இன்னும் கொஞ்சம் பொறு. நெசமாவே செத்தப்புறம் வா."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சுக்குரல் கேட்டு டயேன் இறங்கி வந்தாள். நடுப்படியில் அப்பாவைக் கண்டதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா! நீங்க இதையெல்லாம் பாக்கக்கூடாதுன்னுதான்..."

"நான் பாக்காட்டி அது என்னுது இல்லைன்னு ஆயிடுமா?"

"அந்த ரூம் பத்தடிதான்ப்பா. ஒரு கட்டில், ஒரு அலமாரி. இந்த மேசையை எங்க போடறது?"

"மேசை யாருக்கு வேணும்? கட்டிலுக்கு அடியில ஓடும்."

டயேன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. பிறகு தலையை ஆட்டினாள். "சரிப்பா. ரயில் வரும். தண்டவாளமும் வரும். சத்தியமா."

அந்த நேரம் மேலிருந்து ராய் எட்டிப் பார்த்தான். பத்துப் பை வைத்த சட்டை போட்ட இன்னொரு ரயில் வேட்டைக்காரன். எல்லா விற்பனையிலும் அவளுக்கு அடுத்த எண் அவனுடையது. "வெர்னா! என்ன இருக்கு கீழ? ஒத்தை ஆளா முழுங்காதடி!"

"ஒண்ணுமில்ல ராய். எல்லாம் ஈரத்துல துருப்பிடிச்சுப் போச்சு. வந்து கையை அழுக்காக்கிக்காத."

ராய் திட்டிக்கொண்டே போனான். ரயில் விஷயத்தில் அவள் வாயிலிருந்து பொய் வந்து அவன் கேட்டதில்லை, அதனால் நம்பினான்.

கிழவர் எழுந்தார். டயேன் முன்னால், அவர் நடுவில், வெர்னா பின்னால் என்று படியேறினார்கள். மேலே அவருடைய விளக்குகளையும் தட்டுகளையும் ஏந்தி நிற்கும் அந்நியர்களின் கால்கள் தெரிந்தன. கிழவர் தொப்பியைச் சரிசெய்து முதுகை நிமிர்த்தினார். அப்போதுதான் வெர்னா பார்த்தாள். நாற்காலிச் சாய்மானத்தில் ஒட்டியிருந்த சீட்டு, பெரிய எழுத்தில் 'பதினைந்து டாலர்' என்று, அவருடைய கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம். ஒட்டடை" என்று சொல்லித் தட்டுவதுபோல் அதை உரித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூடிக்கொண்டாள்.