படத்தின் மேற்கு ஓரத்தில் தேடிய புகை

எண்பதுகளில் ஆக்லாந்தில், வானிலை அலுவலகம் ஒன்றில் புகை பார்ப்பது என் வேலை. ஆஸ்திரேலியாவில் காடு எரிந்தாலும், காய்ந்த மண் காற்றோடு கிளம்பினாலும், கடல் தாண்டி எங்கள் பக்கம்தான் வரும். செயற்கைக்கோள் படத்தில் மேகம் வெள்ளை வெளேரென்று இருக்கும்; புகையும் தூசும் வெளுக்காத வேட்டி மாதிரி மங்கலாகக் கிடக்கும். அதன் விளிம்பை மெழுகுப் பென்சிலால் கீறிக் கொடுக்கவேண்டும். "படிச்ச படிப்புக்குப் புகை பாக்கிற வேலையோ?" என்று கேட்ட சனங்களிடம், "ஓம், அடுப்புப் புகையை விட இது பரவாயில்லை" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன்.

அந்தப் படத்தின் மேற்கு ஓரத்தில், பூமி உருண்டு மடங்குகிற இடத்தில், இலங்கையும் நசுங்கிப்போய்த் தெரியும். ஊரில் சண்டை நடந்த காலம். ஒருநாள் லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உன்ர அப்பா மோசம் போயிட்டார். நோய் வருத்தம்தான், சூடு பட்டுச் சாகேல்லை. ஆனா ஊரடங்கு. சுடலைக்குக் கொண்டுபோக விட்டினமோ தெரியேல்லை."

நான் ஒரே பிள்ளை. ஊரில் இருந்திருந்தாலும் பெண் என்று, சுடலைக்கு விடாமல் வாசல் படலையோடு மறித்திருப்பார்கள். அது வேறு கோபம். இப்போது எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்: அப்பாவை எரித்தார்களா, இல்லையா? அது தெரியாமல் எப்படிச் சாவுத் தீட்டுக்குத் தலைமுழுகுவது?

வேலைக்குப் போனதும், அப்பா இறந்த நாளிலிருந்து வந்த படங்களை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை மேற்கு ஓரத்தில் வைத்தேன். காடு எரிந்தால் அதில் தெரியும். ஒரு மனிதன் எரிந்தால் தெரியாது. இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் பார்த்தேன். எங்கள் ஊர் இருக்கிற வடக்கு முனையில் மேகம்கூட இல்லை. மேகம் மறைத்துவிட்டது என்று மனதை ஆற்றவும் வழியில்லை. மேலதிகாரி வந்து, "உன் புகை இந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மேசை விளக்கை எனக்குக் கிட்ட இழுத்து வைத்தார். அன்றைக்கு நான் கீறவேண்டிய கோடுகளை அவரே கீறினார்.

கொஞ்ச நாள் கழித்து லண்டன் அண்ணா திரும்பத் தொலைபேசி எடுத்தார்.

"எரிச்சாச்சாம், தங்கச்சி. வீட்டு வளவுக்குள்ளேயே. ஆம்பிளையள் ஒருத்தரும் கிட்ட இல்லை. உன்ர அம்மாதான் கொள்ளி வைச்சவ."

சுடலைப் பாதையில் கால்வைத்தறியாத அம்மா. நான் விக்கி விக்கி அழுதேன். அழுதுகொண்டே கேட்டேன், "புகை எழும்பினதாமோ?"

"இல்லையாம். புகையைக் கண்டா ஆமி ஹெலி வந்து சுடும் எண்டு, புகையாத காஞ்ச தேங்காய்ச் சிரட்டையாப் பாத்துப் பாத்து அடுக்கினவவாம். மேலையிருந்து பாக்கிற ஆருக்கும் தெரியக்கூடாதாம்."

அன்றைக்குத்தான் அப்பாவுக்காகத் தலைமுழுகினேன்.