டெல்மர் பூசிய பட்டி

வெர்னா ஸ்டோல்ட்ஸ் என் எதிர்வீட்டுக்காரி. ஐம்பத்து மூன்று வயது. அமெரிக்காவில் ஈரி நகரத்து ரயில் என்ஜின் ஆலையில் பத்தொன்பது வருஷம் வெல்டராக இருந்தாள். ஆட்குறைப்பில் வேலை போனதும் ஒரு பழைய பிக்கப்பை வாங்கினாள். முன்னால் பனிக்கலப்பையை மாட்டிக்கொண்டு, எங்கள் ஏரிக்கரைச் சாலையில் பன்னிரண்டு வீட்டு வாசல்களில் பனி தள்ளிப் பிழைத்தாள். அவளுக்கு எதுவும் மறக்காது. என் நாய் ஒரு காலத்தில் அவளுடைய தக்காளிச் செடியைத் தோண்டியதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அந்த நாய் செத்தே எட்டு வருஷமாகிறது.

பிக்கப்பை அவளுக்கு விற்றவன் டெல்மர் ஹௌக். சாலை முனையில் கராஜ் வைத்திருக்கிறான். வருஷா வருஷம் வண்டிகளைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற உரிமமும் அவனிடம்தான் இருந்தது. அந்த ஸ்டிக்கர் இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு எங்கள் வண்டிகளைக் கீழிருந்து அரித்துவிடும். அதனால் நவம்பர் வந்தால் டெல்மர் வைத்ததுதான் சட்டம். போன வருஷம் தானே ஸ்டிக்கர் ஒட்டி விற்ற வண்டியை, இந்த வருஷம் தானே சுத்தியலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"கதவுக்குக் கீழ படித்தகடு ரெண்டும் போச்சு. கேபின் மூலையும் மக்கிப்போச்சு. ஸ்டிக்கர் ஒட்ட முடியாது வெர்னா. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா காயலான் கடைக்குத் தள்ளு."

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பாள். அந்த வாரமே அவளுடைய பன்னிரண்டு வீட்டுக்கும் போய், "வெர்னா வண்டி இனி ஓடாது, பனி நானே தள்ளிடறேன்" என்று பேசி முடித்துவிட்டான். குளிர்காலத்துக்கு அவளுக்கு இருந்த ஒரே பிழைப்பு அது.

"விட்டுத் தள்ளு வெர்னா. அவன்கிட்ட யாரு மல்லுக்கட்டறது?" என்றேன் நான்.

"விடறதா? அந்தப் பன்னெண்டு வீடும் என்கிட்ட திரும்பி வரணும். அவன் வாயாலயே வரணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது" என்றாள்.

அன்றைக்கே வண்டியைத் தன் கொட்டகைக்குள் ஏற்றினாள். பேட்டரியைக் கழற்றினாள். படித்தகட்டை வெட்டினால் கேபின் தொய்ந்து கதவு மூடாமல் போகும் என்று, கதவுச் சட்டத்துக்குள் இரும்புக் குழாயைக் குறுக்கே முட்டுக் கொடுத்துப் பற்றவைத்தாள். பிறகு கிரைண்டரை வைத்தாள். ஒரு சாண் அறுத்திருப்பாள், உள்ளேயிருந்து குப்பென்று தீ. அந்தப் பாவி துருப்பிடித்த பொந்துக்குள் ஜன்னல் இடுக்குக்குப் பீய்ச்சுகிற, பொறி பட்டாலே பற்றிக்கொள்கிற நுரையை நிரப்பி, மேலே விரல் கனத்துக்குப் பள்ளம் அடைக்கிற பட்டியைப் பூசிப் பெயிண்ட் அடித்திருந்தான். நான் தீயணைப்பு டப்பாவோடு ஓடினேன். அதற்குள் அவள் இடது மணிக்கட்டு வெந்துவிட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பட்டியைச் சுரண்டச் சுரண்ட அடியில் ஒரு தகரம் வந்தது, ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஓட்டை அடைக்கக் கையில் கிடைத்ததை எடுப்பார்கள். கேக் தட்டு, சாலைப் பலகை, பழைய நம்பர் பிளேட், எதுவானாலும் சரி. அந்தக் கைப்பழக்கம்தான் டெல்மரைக் கவிழ்த்தது. வெர்னா ரிவெட்டைத் தெறிக்கவிட்டுத் தகரத்தைத் திருப்பினாள். 'டெல்மர் 1'. கூடுதல் காசு கட்டி, எண்ணுக்குப் பதிலாக ஆசைப்பட்டுத் தன் பெயரையே போட்டு வாங்கி, பத்து வருஷம் ஊரெல்லாம் மினுக்கிக்கொண்டு திரிந்த அவனுடைய சொந்த நம்பர் பிளேட்.

வெர்னா சிரித்தாள். வேலை போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒன்பது நாள் வேலை. மக்கியதையெல்லாம் நல்ல இரும்பு வரும்வரை அறுத்து எறிந்தாள். புதுத் தகட்டைப் பொருத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, பிறகே பற்றவைத்தாள். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் டெல்மரைத் திட்டினாள். நல்ல கெட்ட வார்த்தைகள், அதில் சில எனக்கே புதிது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை. டெல்மரின் கராஜில் பத்துப் பேர் காபியும் டோனட்டுமாக வரிசையில் காத்திருந்தோம். வெர்னா வண்டியை உள்ளே விட்டாள்.

"என்ன வெர்னா, ஊசி நூல் வெச்சுத் தெச்சியா?" என்றான் டெல்மர். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"நீதான் தட்டிப் பாரேன்."

தட்டினான். கணீரென்றது. இன்னும் ஓங்கித் தட்டினான். ஒரு செதில் உதிரவில்லை.

"அந்தப் பின்மூலையைப் பாக்கலியே? குனி. இன்னும் உள்ள போ."

எல்லார் முன்னாலும் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முழு வண்டியையும் தட்டவைத்தாள். வேறு வழியில்லாமல் ஸ்டிக்கரை ஒட்டினான். ஒட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்தப் பிளேட்டை எடுத்து பானெட் மேல் வைத்தாள். "என் படித்தகட்டுக்குள்ள கிடந்தது. உங்கள்ல எத்தனை பேரு இவன்கிட்ட வண்டி வாங்கினீங்க?"

ஒருவன் சுவரிலிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பட்டி பூசின இடத்தில் காந்தம் ஒட்டாது. ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கடைசியில் என்னுடையதற்கு வந்தது. 'ஒரு துளி துரு கிடையாது' என்று டெல்மர் சத்தியம் பண்ணி எனக்கு விற்ற வண்டி. காந்தம் நழுவித் தரையில் விழுந்தது. டெல்மர் கழுத்தைப் பிடிக்கத்தான் போனேன், வெர்னா தடுத்துவிட்டாள்.

"வெர்னா, அந்தப் பிளேட்டைக் குடுத்துடு. மேல தெரிஞ்சா உரிமம் போயிடும். உன் கால்ல வேணா விழறேன்" என்றான் டெல்மர்.

"விழ வேணாம், நட. பன்னெண்டு வீட்டுக் கதவையும் தட்டி, 'வெர்னாவை ஏமாத்தினேன், இனி அவதான் பனி தள்ளுவா'ன்னு சொல்லிட்டு வா. பிளேட்டு உனக்குத்தான்."

நடந்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பின்னாலேயே வெர்னா வண்டியை ஊர்ந்துவர ஓட்டினாள், நான் பக்கத்து இருக்கையில். நாலாவது வீட்டில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். ஹாரனை அமுக்கிப் பிடித்தாள். திரும்பச் சத்தமாகச் சொன்னான். எனக்குக் குளிரே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பன்னிரண்டாவது வாசலிலிருந்து இறங்கி வந்து, விறைத்த கையை ஜன்னலுக்குள் நீட்டினான். வெர்னா பிளேட்டைக் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கோ. உனக்கு உரிமம் குடுத்த ஆபீசுக்கு போட்டோவும் புகாரும் வியாழக்கிழமையே தபால்ல போயிடுச்சு."

டெல்மர் அங்கேயே, அந்த வீட்டு வாசலின் நடுவில், பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

வெர்னா பனிக்கலப்பையைக் கீழே இறக்கினாள்.

"ஓரமா நில்லு டெல்மர். என் வாசல்ல நிக்கறே."