ஆன்ட்டி சிரித்த படம்

எதிர்வீட்டு அங்கிள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியில் புகைப்படங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முடிச்சூர் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம் வந்து வடிந்த மறுவாரம் அது. அவர் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிப் போயிருந்தன. பொறுமையாகப் பிரித்துக் காயவைத்திருந்தார். பிரிந்து வந்த படங்களில் முகங்கள் இல்லை. சாயம் கரைந்து வழிந்ததில் ஒன்றில் யாருடைய கையோ மிஞ்சியிருந்தது, இன்னொன்றில் சர்ச் படிக்கட்டு. ஆன்ட்டி இறந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஹாலில் உயரமாக மாட்டியிருந்த ஒரு படம் மட்டும் தப்பியது. ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்ததை, ஆன்ட்டி போன அன்று அவசரத்தில் பெரிதாக்கியது. அதில் அவர் விறைப்பாக, யாரோ அதட்டி உட்காரவைத்தது போல இருப்பார். "இது போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி இருக்கும்மா," என்றார் அங்கிள். "இதுல அவ இல்லவே இல்ல. நீதான் எல்லா ஃபங்ஷனுக்கும் கேமராவோட சுத்துவியே, எங்கேயாச்சும் அவ மாட்டியிருப்பா. சிரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்." கண்டிப்பாக எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன்.

முதல் சம்பளத்தில் கேமரா வாங்கிய நாள் முதல் நான் எடுத்த படங்கள் எங்கே எது என்று எனக்கே தெரியாமல் கிடந்தன. பழைய போன்கள், மெமரி கார்டுகள், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றுக்குள் 'புதுசு', 'புதுசு 2' என்று பெயரிட்ட ஃபோல்டர்கள். அங்கிளுக்காகத் தேடப்போனபோதுதான், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வரிசைப்படுத்தித் தரும் ஒரு மென்பொருளைப் பற்றி அலுவலகத் தோழி சொன்னாள். கணினியில் ஏற்றினேன். அது படங்களை வருடவாரியாகப் பிரித்தது. ஒரே மாதிரி இருந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டது. முகங்களைத் தனித்தனியாக வெட்டியெடுத்து, இவர் யார் என்று கேட்டது. ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் அதே முகம் உள்ள மற்றப் படங்களையும் தேடிக்கொண்டுவந்து முன்னால் கொட்டியது.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. கிண்டியில் நாள் முழுக்க அடுத்தவர் கணக்குகளைச் சரிபார்த்துவிட்டு, நெரிசலில் மின்சார ரயிலேறித் தாம்பரம் வந்து வீடு சேர்ந்ததும் நேராகக் கணினி முன்னால்தான் உட்காருவேன். பழைய கேமராவின் தேதி தப்பாக இருந்த படங்களுக்கெல்லாம் சரியான தேதி போட்டேன். யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினேன். ஆன்ட்டியின் முகத்துக்குப் பெயர் கொடுத்த அன்றே அவர் படங்கள் நிறையவே வந்து விழுந்தன. அதில் ஒன்றை அப்போதே அச்சிட்டு எதிர்வீட்டில் கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் முழுசாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை. எல்லா டிஸ்க்கும் முடியட்டும், நிறங்களைச் சரிசெய்து, ஓரங்களை வெட்டி, நல்ல ஆல்பமாகப் போட்டுக் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்போம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கிறிஸ்துமஸ் போய் அடுத்ததும் போனது.

அங்கிள் நடுவில் சில தடவை கேட்டார். வாசலில் வண்டியை எடுக்கும்போது ஒரு முறை. இன்னொரு முறை சண்முகம் சாலைக் காய்கறிக் கடையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே. "அடுக்கிட்டிருக்கேன் அங்கிள், முடியப்போகுது," என்பேன். "அவசரமில்லம்மா. உனக்கு நேரம் கிடைக்கும்போது பாரு," என்பார். அந்த 'அவசரமில்ல'வை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். காய்கறிக் கடையில் அவர் ஒவ்வொரு கத்தரிக்காயையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்ததைக் கவனித்தேன். கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தபோது, புரை நீக்கும் ஆபரேஷன் செய்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அவர் மகள் வந்து அவரை மேடவாக்கத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. அதற்கப்புறம்தான் எனக்கு வேகம் வந்தது. அடுத்த மாதமே ஆல்பம் தயாராகிவிட்டது. இத்தனை நாள் ஆன வேலை இவ்வளவுதானா என்று எனக்கே உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி பஸ் பிடித்து மேடவாக்கம் போனேன். ஆல்பத்தைப் பார்த்ததும் மகளின் முகம் மாறியது. என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பாவுக்கு இப்ப வெளிச்சம் மட்டும்தான்க்கா தெரியுது. சுகர். எவ்ளோ ஊசி போட்டும் நிக்கல." அடுப்பைக் குறைத்துவிட்டு, "போன வருஷம் வரைக்கும் கிட்ட வச்சா தெரிஞ்சுது," என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை.

அங்கிள் என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். ஆல்பத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவினார். "நல்ல கனமா போட்டிருக்கியே," என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் விடும்மா. நீ சொல்லு, நான் பாத்துக்கறேன். முதல் படத்துல என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். சர்ச் திருவிழாவில் பாயசம் பரிமாறுவது, எங்கள் மாடியில் காகித நட்சத்திரம் கட்ட ஏணி பிடிப்பது, ஒரு கல்யாண வரவேற்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "சிரிக்கிறாளா?" சொல்லச் சொல்லத்தான் அது எனக்கே தெரிந்தது. சிரிக்கும் படங்களில் எல்லாம் ஆன்ட்டி கையால் வாயை மூடியிருந்தார். முன்பல் தெத்து என்று அவருக்குக் கூச்சம். இத்தனை நாள் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்த நான் இதைப் பார்க்கவில்லை. "சிரிக்கிறாங்க அங்கிள், கையால மறைச்சிருக்காங்க," என்றேன்.

"மறைக்காம ஒண்ணு இருக்குமே. உங்க கிரகப்பிரவேசத்துல பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுதே, ஐயர்கூடக் கத்தினாரே. அவ கையில ரெண்டு பக்கமும் பழத்தட்டு. வாயை மூட முடியாம சிரிச்சா. நீ டக்குனு திரும்பி எடுத்தே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

எடுத்தேன். வேகமாகத் திரும்பியதில் கை ஆடி, படம் கலங்கிவிட்டது. முகம் அசைந்திருந்ததால் மென்பொருள் அதை முகம் என்றே கண்டுகொள்ளவில்லை. ஆன்ட்டியின் படங்களோடு அது சேரவில்லை. கிரகப்பிரவேசப் படங்களை ஒழுங்குபடுத்திய அன்று அது தனியாக என் முன்னால் வந்தது. பக்கத்திலேயே பால் பானை தெளிவாகப் பதிந்த படம். பானையை வைத்துக்கொண்டேன். மற்றதை வேண்டாம் என்று குறித்தேன். அப்படிக் குறித்ததையெல்லாம் பிறகு மொத்தமாக அழித்தேன். இடம் மிச்சமானதில் அன்று எனக்குத் திருப்திகூட.

"இருக்கு அங்கிள்," என்றேன். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் பள்ளி ஆண்டுவிழாவில் ஆன்ட்டி மைக் முன்னால் நிற்கும் படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இல்லாத படத்தைச் சொன்னேன். பச்சைப் புடவை, தட்டில் ஆரஞ்சுப் பழம் உருளப் போகிறது, தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, கண் இடுங்கியிருக்கிறது, தெத்துப் பல் நன்றாகத் தெரிகிறது. அங்கிள் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "தெரியுதா? பல்லு தெரியுதா?" என்று திரும்பவும் கேட்டார். தெரிகிறது என்றேன். நிமிர்ந்தபோது எங்கள் பின்னால் மகள் காபியோடு நின்றிருந்தாள். அவள் பார்வை அந்தப் பக்கத்தில் இருந்தது.

கீழே கேட் வரை வந்து வழியனுப்பினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் தடுமாறினேன். அவளே பேசினாள். "அடுத்த தடவை வரும்போதும் அவர் அதைத்தான் கேப்பாருக்கா. இன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. மாத்திடாதீங்க."

இப்போதும் மாதம் ஒரு முறை போகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து பச்சைப் புடவை, ஆரஞ்சுப் பழம் என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அன்று ஆன்ட்டி உடுத்தியிருந்தது பச்சைதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அங்கிள் இதுவரை திருத்தியதில்லை.