படகு நீலம்

திருவொற்றியூரில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. உள் அலங்காரம் செய்துகொடுத்த பெண், வெறும் சிமென்டாக விட்டால்தான் நவீனம் என்றாள். எனக்கும் ஆசை. கணவர் தலையாட்டினார்.

பால் காய்ச்சிய அன்று எதிர் வீட்டு அக்கா வந்தார். காசிமேட்டில் சொந்தமாக இரண்டு படகு வைத்திருப்பவர்.

"இன்னாம்மா, இந்தச் செவுரு மட்டும் பாக்கி கீது?"

"இல்லக்கா, இதுதான் டிசைன்."

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "எங்க கீது?"

அக்கா மட்டுமல்ல. ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அதே சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டார். கேட்டதற்கு, "எப்படியும் பூசத்தானே போறீங்க?" என்றார். அழிக்க அழிக்க அது கருப்பாக அப்பிக்கொண்டது.

ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் திருநெல்வேலி போனோம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் சாவி கொடுத்திருந்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. சிமென்ட் சுவர் பளபளவென்று நீலமாக நின்றது. கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பு பார்டர் வேறு.

பின்னாலேயே அக்கா வந்துவிட்டார். "ஊர்லேந்து வர்றவங்க முன்னாடி நீ அவமானப்படக் கூடாதுன்னுதான். நம்ம போட்டுக்கு அடிச்ச பெயிண்டு மீந்துது, நம்ம ஆளையே வுட்டு அடிச்சிட்டேன். கடல் தண்ணியே இதை ஒண்ணும் பண்ணாது, பத்து வருசத்துக்குக் கவலையில்ல!"

"சூப்பர்க்கா" என்றார் கணவர். அவரை அப்போது கடித்துக் குதறியிருப்பேன். அக்கா போனதும் சமையலறையில் நின்று அழுதேன். ஆறுதல் சொல்ல வந்த கணவர், "படகுக்கு மாதிரி நம்பர் எழுதாம விட்டாங்களே" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

மறுவாரம் அலங்காரப் பெண் தன் வேலையைப் படம் எடுக்கக் கேமராவோடு வந்தாள். நீலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஜன்னலையும் விளக்கையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாற்றி அடித்தால் அக்கா மனம் நோகும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு விஷயம் பிடிபட்டது. துறைமுக லாரிகளின் புழுதியும் கரித்தூளும் எங்கள் வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. மற்ற மூன்று வெள்ளைச் சுவர்களும் மூன்றே மாதத்தில் அழுக்காகிவிட்டன. நீலத்தை மட்டும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், புதிதாகிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அக்கா, அந்தப் பெயிண்டுல மஞ்சள் கிடைக்குமா? இன்னும் மூணு சுவர் பாக்கி இருக்கு."