நிறுத்தி வைத்த இரண்டு மடல்கள்

அந்த வேலையை அவள் கேட்டு வாங்கவில்லை. கால்நடை மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் காப்பி குடிக்க வெளியே போனாள். திரும்பி வந்தால் கை தட்டுகிறார்கள். சங்கத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு இனி அவள்தான் ஒழுங்கு பார்க்கும் மாடரேட்டராம். ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலையைத் தலையில் கட்டுவதில் படித்தவர்களை மிஞ்ச முடியாது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம்.

ஆனாலும் போகப் போக அந்தக் குழு அவளுக்கு உயிராகிவிட்டது. எங்கோ ஒரு மூலையில் தனியாகக் கிடக்கும் டாக்டர், சினை மாடு தீனி எடுக்கவில்லை, என்ன செய்ய என்று எழுதுவார். பொழுது சாய்வதற்குள் நாலைந்து பேர் பதில் போட்டிருப்பார்கள். அந்தக் குழுவில் மருந்து விற்கக் கூடாது, மாட்டுக்காரர் பெயரை எழுதக் கூடாது, ஆளைத் தாக்கக் கூடாது. மீறினால் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு பதில் போகும். அதில் ஈவு இரக்கம் இருக்காது.

இந்த முறை சண்டை குடற்புழு மருந்தில் தொடங்கியது. எல்லா மாட்டுக்கும் தவணை தவறாமல் கொடுத்துவிட வேண்டும் என்றார் குதிரைக்காரர். குதிரை லாயங்களில் பாதி ஆயுளைக் கழித்த மூத்த டாக்டர் அவர். சாணத்தைச் சோதித்துவிட்டுத் தேவைப்பட்டதற்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள் இளவட்டங்கள். மாட்டில் ஆரம்பித்தது மனிதரில் வந்து நின்றது. யார் எந்தக் கல்லூரியில் காப்பியடித்தார் என்கிற வரைக்கும் போனதும், அன்று காலை அவள் குழுவுக்கே பூட்டுப் போட்டாள். இனி எந்த மடலும் அவள் பார்த்து விட்டால்தான் வெளியே போகும் என்று அறிவித்தும்விட்டாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். வயிற்றெரிச்சல் தாங்காமல், துணை மாடரேட்டரான கோழி டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, அவனுக்குத் தனியாக ஒரு மடல் எழுதினாள். கோழிப் பண்ணைகளைப் பார்க்கும் அவன் அவளோடு படித்தவன். 'குதிரைக்காரருக்கு நிதானம் போய்விட்டது. இனி அவர் மாட்டைத் தொடாமல் இருப்பதே மாட்டுக்கு நல்லது' என்று எழுதி அனுப்பிவிட்டு, காது கிழிந்த நாய்க்குத் தையல் போடப் போனாள்.

கையைக் கழுவும்போது கோழி டாக்டர் போனில் கூப்பிட்டான்.

"என்னமோ அனுப்பறேன்னு சொன்னே, ஒண்ணும் வரலையே?"

அனுப்பியதை எடுத்துப் பார்த்தாள். பெறுநர் இடத்தில் கோழி டாக்டர் இல்லை. குழுவின் முகவரி இருந்தது.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். குதிரைக்காரர் இன்னும் வைத்தியம் பார்த்துத்தான் சாப்பிடுகிறார். சிக்கலான கேஸ்களை இந்தக் குழுவிலுள்ளவர்கள்தான் அவருக்கு அனுப்புகிறார்கள். மாடரேட்டரே இப்படி எழுதினால் இனி யார் அனுப்புவார்கள்? கோபத்தில் எழுதிய இரண்டு வரியில் அந்த மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணி, முகமெல்லாம் வெளுத்திருக்கு. நாய் கடிச்சிடுச்சா?" என்றாள் நாத்தனார். வாசல் மேசையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"நான்தான் கடிச்சு வெச்சிருக்கேன்."

அப்போதுதான் திரையில், அவள் தினமும் சலித்துக்கொள்ளும் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. 'உங்கள் ஒப்புதலுக்காக இரண்டு மடல்கள் காத்திருக்கின்றன.' திறந்தாள். முதல் மடல் அவளுடையது. எல்லோருக்கும் என்று போட்ட பூட்டு அவளையும் விடவில்லை! போன உயிர் திரும்பி வந்தது. 'அப்பாடா' என்று அவள் விட்ட மூச்சில் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

தன் மடலைத் தானே நிராகரித்தாள். கணினி காரணம் கேட்டது. 'தனிநபர் தாக்குதல்' என்று தட்டினாள். மறு நொடி, விதி மீறுபவர்களுக்கென்று அவள் எழுதி வைத்திருந்த பதில் அவளுக்கே வந்து சேர்ந்தது: 'படித்தவர்களுக்கு இது அழகல்ல.' இதையா இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் அனுப்பினோம் என்று முகம் சுருங்கியது.

இரண்டாவது மடல் குதிரைக்காரருடையது. தலைப்பு: 'மாடரேட்டர் அம்மையாரின் லட்சணம்'. திறக்கப் போகும்போது போன் அடித்தது. அவரேதான்.

"அம்மா, நான் ஒண்ணு அனுப்பினேன். படிச்சிட்டியா?"

"இன்னும் இல்லை டாக்டர்."

"கடவுளே! வெளியே விட்டுடாதேம்மா. அனுப்பினதுலேருந்து எனக்குச் சோறே இறங்கலை. நீயும் படிக்காதே. அவ்வளவு கேவலமா எழுதிட்டேன்."

நல்லவளாகவே நடித்துவிட்டுப் போனை வைத்துவிடலாம். மனசு கேட்கவில்லை.

"நானும் உங்களைப் பத்தி ஒண்ணு எழுதினேன் டாக்டர். அதுவும் போகலை. இப்பத்தான் தூக்கிப் போட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப மோசமாவா?"

"ஆமா."

"என்னோடதை விடவா?"

"படிச்சாத்தானே தெரியும்."

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். போனை வைத்ததும் அவள் அந்த மடலைத் திறக்காமலே அழித்தாள். விரல் துடிக்கத்தான் செய்தது.

"அப்படி என்னதான் எழுதியிருந்தாராம்?" நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"தெரியாது."

"சும்மா சொல்லுங்க அண்ணி. படிக்காமலா இவ்ளோ சந்தோஷமா இருக்கீங்க?"