இரண்டாவது நாற்காலி

தலையில் வைக்காத நேரத்திலும் அக்காவின் கத்தரி ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று அவர் யோசிக்கிற இடைவெளியில் அது வெறுங்காற்றை நறுக்கும். வாடிக்கையாளர் வீட்டுக் கதை சொன்னால் மெதுவாக ஓடும். அரசியல் பேசினால் வேகம் பிடிக்கும். பெஞ்சில் காத்திருப்பவர்கள் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, நாற்காலியில் என்ன பேச்சு நடக்கிறதென்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆண்களுக்கு முடி வெட்டும் கடை அது. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதைப் போட்டுக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. தலைக்குச் சாயம் பூசச் சொல்லி வருகிறவர்களிடம், "மீசையை என்ன பண்றதா உத்தேசம்? அது உண்மையைச் சொல்லிடுமே" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை எடுப்பார்.

கடையில் இரண்டு நாற்காலிகள். சன்னலோரம் இருப்பது அக்காவுடையது. மற்றதில் வெட்டுகிறவரை அக்கா 'தம்பி' என்பார். நாற்பதைத் தாண்டிய, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்களுக்குத் தகப்பனான தம்பி. வேறு நாட்டிலிருந்து குடிவந்தவர். நல்ல கறுப்பு. பேச்சில் அந்த நாட்டு இழுப்பு இன்னும் போகவில்லை. அவர் வெட்டுகிற தலைகளுக்குத் தகுந்தபடிதான் அவருக்குப் பங்கு.

ஒருநாள் காலையில், நல்ல சட்டை போட்ட ஒருவர் அக்காவின் நாற்காலியில் இருந்தார். இடது பக்கம் முடிந்து, வலது பக்கம் தொடங்கவில்லை. கழுத்தில் ஒட்டிய முடியைத் துடைக்கத் தம்பி துண்டோடு வந்தார். அந்த மனிதர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கையை எடு. உன் கறுப்பு என் மேல ஒட்டிக்கப் போவுது. உங்க நாட்டுலயே போய் உன்னை மாதிரி ஆளுங்க தலையைத் தொடு."

கத்தரிச் சத்தம் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள். அக்கா அந்த மனிதரின் கழுத்துத் துணியை அவிழ்த்து, தரையில் உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுந்திருங்க."

"பாதிதானே ஆயிருக்கு?"

"மீதி இங்க கிடைக்காது. காசும் வேண்டாம்."

"இப்படியே எப்படிங்க தெருவுல போறது?"

"தொப்பி வெச்சுக்குங்க. வாய்க்கும் ஏதாவது மூடி கிடைச்சா வாங்கிக்குங்க."

பெஞ்சில் இருந்த வீட்டுத் தரகர் இதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. மறுநாளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் அக்காவோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். பெஞ்சில் இருந்த வழக்கமான வாடிக்கையாளர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணீரே விட்டார்.

"நான் துணியைத்தாங்க உதறினேன்" என்றார் அக்கா. "பேச்சு வாங்கினவர் அதோ நிக்கிறார். அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அந்தப் பெண்மணி தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கைப்பேசியை உயர்த்திக்கொண்டு, "நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழறீங்க" என்றார். தம்பி தள்ளி நின்றார்.

அந்த ஆளின் வீட்டு முகவரி வேண்டும், உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறோம் என்று சிலர் வந்தார்கள். "பேசினது அவரு. அவரு வீட்டுல குழந்தைங்க இருக்கும். கல்லெறிய நான் வழி சொல்ல மாட்டேன். பதில் சொல்ல வேண்டிய இடத்துல அவரு சொல்லட்டும்" என்று அக்கா அவர்களை அனுப்பிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. கடைக்கு அரைநாள் பூட்டுப் போட்டுவிட்டு, தம்பியோடு காவல் நிலையம் போனார். தம்பி புகார் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா வாயைத் திறக்காமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியமென்று அவரைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அந்த மனிதரை அலுவலகத்தில் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மொட்டைத் தலையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"என்னையா பேசினீங்க?"

அவர் தயங்கித் தயங்கித் தம்பி பக்கம் திரும்பினார். தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். தம்பி கடைசிவரை கேட்டுவிட்டு, "கேட்டுக்கிட்டேன்" என்றார். புகாரைத் திரும்ப வாங்க முடியுமா என்றதற்கு, "முடியாதுங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா நடுவில் புகவில்லை.

விஷயம் முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். அன்று கடை அடைக்கும்போது தம்பி, "இந்த மாசத்தோட நின்னுக்கறேன்கா. கிடங்குல மூட்டை ஏத்தற வேலை இருக்காம்" என்றார்.

"ஏன் தம்பி? அந்த ஆள்தான் வந்து மன்னிப்புக் கேட்டாச்சே."

"அவர் ஒரு நாள் வந்தவர்கா. கைதட்டினவங்க மாசாமாசம் வர்றாங்க. என் நாற்காலி சும்மாவே இருந்தாலும் உங்களுக்குத்தான் காத்திருக்காங்க. நானும் வீட்டுக்கு அரிசி வாங்கணும்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பெஞ்சு நிறைந்திருந்ததெல்லாம் தன் கைராசி என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். மின்தூக்கி பழுது பார்க்கும் வேலை அவருக்கு. எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"யார் யார் எந்த நாற்காலின்னு சட்டம் போட்டுடு."

"போட்டா பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிடுவாங்க. வாடகை யார் குடுப்பா?"

"அப்ப அவரைப் போக விடு."

"விடறதுக்கா காவல் நிலையத்துல அரைநாள் வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தேன்?"

"அது கஷ்டம்தான்" என்றார் கணவர்.

விடுமுறை நாள் காலையில் பெஞ்சில் இடமில்லை. தரகர் இருந்தார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார், சுவரில் சாய்ந்தும் இரண்டு பேர் நின்றார்கள். தம்பி தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மடித்த துண்டுகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது யாரு?" என்றார் அக்கா. "அந்த நாற்காலி காலியாத்தானே இருக்கு, சார்."

"எனக்கு அவசரமில்லக்கா" என்றார் வாத்தியார். "உங்க கைதான் பழக்கம். இருந்தே போறேன்."

"நானும்தான்" என்றார் தரகர்.

அக்கா தன் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கத்தரியை இழுப்பறையில் போட்டு மூடினார். நேரே போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னக்கா இது? எங்க கதி?" என்றார் தரகர்.

"எனக்கும் முடி வெட்டணும்ல. நீங்க இருங்க, அவசரமில்லன்னீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி துணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவுக்கா எடுக்கட்டும்?"

"உங்களுக்குத் தோணின அளவு, தம்பி."

அவர் துணியை உதறிக் கட்டினார். வாத்தியார் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா பின்னால் கையைக் கொண்டுபோய், கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, எல்லோரும் பார்க்க, தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.