நடக்காத இன்னொரு அக்கா

கேட் கொக்கி ‘ணங்’கென்று விழும் ஓசை. கள்ளக்குறிச்சி வீட்டில் விடியுமுன் அது கேட்டால் அக்கா நடக்கக் கிளம்பிவிட்டார் என்று பொருள். இந்த ஓராண்டாக, வெளியூரில் என் வீட்டுப் பால்காரர் கேட்டைத் திறந்தாலும் என் கால்கள் செருப்பைத் தேடுகின்றன.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை நீலமாகத் தெரியும் சிற்றூரில் பிறந்தவர் அக்கா. அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். அக்கா ஏரிக்கரையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "படிக்கப் போறேன்" என்றார். அவ்வளவுதான். அறிவியல் ஆசிரியரானார். முதலில் மலைப் பள்ளி, பிறகு கள்ளக்குறிச்சி. நிலத்தகராறோ கல்யாணப் பேச்சோ, எங்களை உட்கார்ந்து பேச விட்டதில்லை. "எழுந்திருங்க, நடந்துக்கினே பேசலாம்." கடைத்தெரு தாண்டுவதற்குள் பாதிச் சண்டை மூச்சு வாங்கி அடங்கிவிடும்.

"நடந்தா புத்தி தெளியுதுன்னு இன்னா ஆதாரம், டீச்சரம்மா?" என்று சீண்டுவார் மாமா, அக்காவின் கணவர்.

"எனக்குத் தெளியுது. அத வெச்சி ஊருக்கே சட்டம் போட முடியாதுங்க. நடக்காத இன்னொரு நான் பக்கத்துல இருந்தாதான ஒப்பிட்டுப் பாக்கலாம்?"

"இன்னொருத்தியா? ஒருத்தியே ஜாஸ்தி!"

இதயம் பலவீனம், மலையேற வேண்டாம் என்றார் மருத்துவர். மாமா செருப்பை அரிசி டிரம்முக்குள் ஒளித்தார். அக்கா வெறுங்காலோடு போய்த் திரும்பினார். "இன்னிக்கி அரிசிய நல்லா கழுவிப் போடுங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "டாக்டர் தப்பா சொல்லல. ஆபத்துன்றாரு, நம்பறேன். எப்படி வாழணும்ன்றது அவரு மெசின்ல வராது."

சென்ற ஆண்டு, மலைச்சாலையில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்தவர் எழவில்லை.

அன்று காரியத்துக்கு வந்த சொந்தங்களே, நீங்கள் சொன்னீர்கள்: "நடக்காம இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பா." இந்த முதலாண்டு நினைவு நாளிலும் சொல்கிறீர்கள், என் முகத்துக்கு நேரே, காபியை ஆற்றிக்கொண்டே. அக்காவின் வாழ்க்கையையே குற்றமாக்கும் இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மெய்யாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடக்காத இன்னொரு அக்காவைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், பேசுவோம். நடையால்தான் அத்தனை நாள் வாழ்ந்தார் என்று நானும் சொல்ல மாட்டேன், அக்காவே அடிக்க வருவார். கண்டதை மட்டும் சொல்கிறேன்: நடந்து திரும்பிய அந்த முகத்தில் குழப்பத்தை நான் பார்த்ததில்லை.

சாய்ந்த தலையை மடியில் தாங்கிய மலைப்பெண்களுக்கும், பேருந்தைத் திருப்பி அவரைக் கீழே கொண்டுவந்த ஓட்டுநர், நடத்துநருக்கும், முணுமுணுக்காமல் இடம் விட்ட பயணிகளுக்கும், என்மேல் கோபப்பட்டாலும் இன்று வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் வணக்கம்.

அக்கா கடைசியாக மலைக்குப் போனதற்கு முந்தின நாள் என்னை வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை வந்தார். "ஆட்டோவுல திரும்பிப் போக்கா" என்றேன்.

"நீ ஏறு, சீட்டு புடி. நான் நடந்துக்கினே போறேன்."